இடிந்த ஊருக்கு உதவப் போகிறீர்களா? நேபாளத்தில் கற்றதிலிருந்து ஒரு வழிகாட்டி

2015 ஏப்ரல் 25 ஒரு சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான். அதனால் அங்குள்ள கிறிஸ்தவச் சபைகள் ஞாயிற்றுக்குப் பதிலாகச் சனிக்கிழமையே ஆராதனைக்குக் கூடும். பகல் 11.56-க்கு, கோர்க்கா மாவட்டத்தில் பார்பாக் என்ற ஊரின் அருகே 7.8 அளவில் பூமி குலுங்கியபோது பல சபைகளில் பாட்டும் ஜெபமும் நடந்துகொண்டிருந்தன. கட்டடம் இடிந்து, ஆராதனையின் நடுவிலேயே உயிரை விட்ட விசுவாசிகள் உண்டு. அதே விடுமுறையால்தான், ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் தரைமட்டமான அந்த நாளில் பள்ளிப் பிள்ளைகள் தப்பினார்கள். மே 12 அன்று 7.3 அளவில் இன்னொரு அதிர்ச்சி. இரண்டிலுமாக ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் முழுதாக விழுந்தன.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உதவிக்குப் போகும் நம்மில் பலர், அங்குள்ள சபையை நம் வேலைக்கு வழிகாட்டும் ஆளாக, தங்க இடம் தரும் வீடாக மட்டும் நினைத்துவிடுகிறோம். அந்தப் போதகரும் அன்று யாரையோ புதைத்தவர். அவர் வீடும் விழுந்திருக்கும். அப்படியிருந்தும் எந்த வீட்டில் படுக்கையோடு கிடக்கும் தாத்தா இருக்கிறார், எந்த ஓடை மழையில் பாதையை அறுக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நான் கட்டட வேலை மேற்பார்வை பார்ப்பவன்; அந்தப் பேச்சிலேயே சொல்கிறேன். அங்கே மேஸ்திரி அவர்கள். நாம் சித்தாள்கள். இந்த ஒன்று மனதில் நின்றால் கீழே சொல்லும் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

எங்கள் சபையிலிருந்து ஐந்து பேர் 2016 மார்ச்சில் தாதிங் மாவட்டத்துக்குப் போனோம். அங்கே பார்த்ததும் செய்த தவறுகளும்தான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை. நேபாளம், துருக்கி, மியான்மர் என்று ஏதாவது ஒரு நாட்டில் நிலநடுக்கம் வந்துகொண்டேதான் இருக்கிறது. சட்டமும் பழக்கமும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் எனக்குத் தெரிந்த நேபாளத்தை வைத்தே சொல்கிறேன்.

உடனே கிளம்பாதீர்கள்

செய்தியைப் பார்த்ததும் மனம் துடிக்கும். "இப்போதே போகணும்" என்று வாலிபர் கூட்டத்தில் யாராவது எழுந்து நிற்பார்கள். அந்தத் துடிப்பு நல்லது, ஆனால் முதல் இரண்டு வாரம் நாம் போகக்கூடாது. இடிபாட்டுக்குள்ளிருந்து ஆளை எடுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அதிலும் பெரும்பாலோரை வெளியே இழுத்தது பக்கத்து வீட்டுக்காரர்களின் கைதான். 2015-ல் காத்மாண்டு விமான நிலையத்துக்கு இருந்தது ஒரே ஓடுபாதை. நிவாரண விமானங்கள் இறங்க இடமில்லாமல் வானத்தில் சுற்றின, சில திரும்பிப் போயின. அந்த நெரிசலில் நாமும் போய் நின்றால் ஒரு படுக்கையும் ஒரு தட்டுச் சோறும் வேறு யாருக்கோ இல்லாமல் போகும்.

கேமராக்கள் கிளம்பிய பிறகுதான் நமக்கு வேலை. இரண்டாம் மாதம், ஆறாம் மாதம், இரண்டாம் வருஷம். நல்ல சமாரியன் கதையில் எண்ணெய் வார்த்துக் காயம் கட்டியதைத்தான் நாம் அதிகம் பிரசங்கிக்கிறோம். சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, "மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன்" என்று அவன் சொன்னதையும் கவனியுங்கள். மறுபடி வருவேன் என்கிற கணக்கோடுதான் அவன் உதவியே தொடங்குகிறது.

யார் கையைப் பிடித்துக்கொண்டு போவது

தனியாக, "ஆண்டவர் வழிகாட்டுவார்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஏற்கனவே அந்த மலையில் வேலை செய்கிற கிறிஸ்தவ அமைப்பு. யுனைடெட் மிஷன் டு நேபாள் 1954 முதல் அங்கே இருக்கிறது. தான்சேன் ஆஸ்பத்திரியை நடத்துவது அதுதான். கத்தோலிக்கர்களுக்குக் காரித்தாஸ் நேபாள் இருக்கிறது. நம் நாட்டில் எஃபிகார், காசா போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் பேரிடர் வேலையில் பழகியவை. இரண்டாவது வழி, உங்கள் சபைக்கு நெடுநாளாகத் தொடர்புள்ள நேபாளச் சபை. மூன்றாவது வழி, நீங்கள் போகாமல் அவர்களுக்குப் பணம் அனுப்புவது. இதுவும் ஊழியம்தான், இதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஐந்து பேரின் போக்குவரத்துச் செலவில் ஒரு ஊர்க் கொத்தனாருக்கு எத்தனை நாள் கூலி கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாங்கள் போட்டுப் பார்த்தபோது மனம் கொஞ்சம் உறுத்தியது. அதனால்தான் கட்டட வேலை தெரிந்த மூன்று பேர், ஒரு நர்ஸ், ஹிந்தி நன்றாகப் பேசும் ஒருவர் என்று ஆள் தேர்ந்து போனோம். கையில் ஒரு தொழிலும் இல்லாதவர் போகவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் "நான் போனால் அங்கே என்ன வேலை நடக்கும்?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் இருக்க வேண்டும்.

போகுமுன் அந்தப் போதகரிடமோ அமைப்பிடமோ இவற்றைக் கேளுங்கள்: எத்தனை பேர் வந்தால் உங்களுக்குப் பாரமில்லை? நாங்கள் எங்கே தூங்குவோம், எங்கள் சாப்பாட்டுக்கு அரிசி யாருடையது? வார்டு அலுவலகத்துக்குத் தெரியுமா? கடைசிக் கேள்வி முக்கியமானது. 2017-க்குப் பிறகு நேபாளத்தில் ஊராட்சிகளும் நகராட்சிகளுமாக 753 உள்ளாட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வார்டுகளாகப் பிரிந்திருக்கிறது. எந்த வீடு பாதிக்கப்பட்டது, யாருக்கு என்ன கிடைத்தது என்ற பட்டியல் வார்டில்தான் இருக்கும். வார்டு தலைவரைப் பார்க்காமல் மேலே போய்ப் பொருள் கொடுத்தால் ஒரே வீட்டுக்கு மூன்று தார்ப்பாயும் அடுத்த மேட்டுக்கு ஒன்றுமில்லாமலும் முடியும்.

பயணத்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் 15 வயதுக்கு மேல் 65 வயதுக்குள் உள்ளவர்களுக்கு ஆதார் அட்டை செல்லாது. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். ரயிலில் பீகார் எல்லையிலுள்ள ரக்சவுல் வரை போய் வீர்கஞ்ச் வழியாக நுழைவது பழகிய வழி. நம் 100 ரூபாய் அங்கே 160 நேபாள ரூபாய், அந்த விகிதம் மாறுவதில்லை. டெட்டனஸ், டைபாய்டு ஊசிகளைக் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி சேர்ந்த எந்த டின் உணவும் பையில் வேண்டாம். பசு அந்நாட்டின் தேசிய விலங்கு, கொல்வது குற்றம்.

பழைய துணி வேண்டாம்

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும். லாரி லாரியாக வந்த பழைய துணிகள் சாலையோரம் குவிந்து, நனைந்து, மக்கிக் கிடந்தன. எல்லாம் இழந்த ஜனங்கள் அதைத் தாண்டித்தான் நடந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த நாமே மறுபடி அட்டைப் பெட்டியில் பழைய சட்டைகளைக் கட்டக்கூடாது. தாதிங் மலையில் ஒரு தமாங் இனப் பாட்டிக்கு நம் ஊர் நைலக்ஸ் புடவையால் என்ன பயன்?

பொருளை அங்கேயே வாங்குங்கள். காத்மாண்டு, தாதிங்பேசி போன்ற இடங்களில் கடைகள் சீக்கிரமே திறந்துவிட்டன. அங்கே வாங்கினால் அந்தக் கடைக்காரனும் எழுவான், லாரிச் செலவும் மிஞ்சும். என்ன வாங்குவது என்பதைப் பருவம் சொல்லும். ஜூனில் மழை பிடிப்பதற்கு முன் ஒரு குடும்பத்துக்கு மிகவும் தேவைப்பட்டது கூரைக்கு நெளித் தகரம். நேபாளியில் அதை "ஜஸ்தா பாதா" என்பார்கள். மழை ஓய்ந்ததும் கம்பளியும் தரைக்குப் போடும் பாயும். 2023 நவம்பர் 3 இரவு ஜாஜர்கோட்டில் நடந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, அதில் தப்பிப் பிழைத்த முதியவர்களும் பச்சைக் குழந்தைகளும் கொட்டகைக் குளிரில் இறந்தார்கள். குளிர் வருவதற்கு முன்பே போர்வை மலையேறியிருக்க வேண்டும்.

முகாமுக்குத் திட்டம் போடுபவர்கள் மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் நிவாரணக்காரர்கள் பின்பற்றும் ஸ்பியர் அளவுகள் இவை: ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், தூங்கி வாழக் கூரைக்குக் கீழே 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. 40 குடும்பம், 200 பேர் என்று வைத்தால் தினமும் 3,000 லிட்டர் தண்ணீரும் 10 கழிப்பறையும் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டால்தான் நாம் கொண்டுபோகும் இரண்டு தண்ணீர்த் தொட்டி எதற்குப் போதும், எதற்குப் போதாது என்று தெரியும்.

கைப்பிரதியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

கைப்பிரதி என்கிற சுவிசேஷத் துண்டுப் பிரசுரம் வேண்டாம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நேபாளத்தின் 2015 அரசியலமைப்புச் சட்டம், 26-ஆம் பிரிவில், ஒருவரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி மதம் மாற்றுவதற்கும், மாறத் தூண்டுவதற்கும் 5 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். நாம் இந்தியர்கள்; பஸ் ஏறி ஊர் திரும்பிவிடுவோம். நம் கைப்பிரதிக்காகக் காவல் நிலையத்தில் நிற்கப் போவது அங்குள்ள போதகர்.

சட்டம் இல்லையென்றாலும் நான் இதையே சொல்வேன். வீடு விழுந்து, பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கிறவருக்கு ஒரு மூட்டை அரிசியையும் ஒரு கைப்பிரதியையும் சேர்த்து நீட்டினால், வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அவருக்கு இருக்கிறதா? அரிசி வேண்டுமே என்பதற்காக இரண்டையும் வாங்கிக்கொள்வார். அப்படி வாங்க வைப்பது சுவிசேஷம் ஆகாது. 1994-ல் செஞ்சிலுவைச் சங்கமும் கிறிஸ்தவ அமைப்புகள் உட்படப் பல தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து எழுதிய நடத்தை விதியிலேயே, அரசியல் நோக்கத்துக்கோ மத நோக்கத்துக்கோ உதவியைப் பயன்படுத்துவதில்லை என்று இருக்கிறது. 2015-ல் கிறிஸ்தவ உதவியாளர்களைக் கழுகுகள் என்று திட்டும் ஹேஷ்டேக் ட்விட்டரில் பரவியபோது மனம் வலித்தது. எல்லார்மேலும் போட்ட பழி நியாயமில்லைதான். ஆனால் ஒரு பெட்டி கைப்பிரதிகூட அங்கே போகவில்லை என்று சத்தியம் செய்யவும் நம்மால் முடியாது.

சரி, விசுவாசத்தை மறைப்பதா? வேண்டாம். நீங்கள் யார் என்று கேட்டால் கிறிஸ்தவர்கள், சபையிலிருந்து வந்திருக்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். காலையில் உங்கள் குழுவோடு ஜெபியுங்கள். நேபாளச் சபையோடு சனிக்கிழமை ஆராதனைக்குப் போங்கள். செருப்பை வெளியே விட்டுத் தரையில் உட்காருங்கள், "ஜய மசீஹ்" என்று வாழ்த்துங்கள். யாராவது தாமே "எனக்காக ஜெபிப்பீர்களா?" என்று கேட்டால் அவரோடு ஜெபிக்க எந்த வெட்கமும் வேண்டாம். ஆனால் பொருள் கொடுக்கும் இடத்தில், பொருள் கொடுக்கும் நேரத்தில் அது வேண்டாம். இரண்டையும் நேரத்தாலும் இடத்தாலும் பிரித்து வையுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: விசுவாசிகளுக்கு முதலில் என்று வரிசை வைக்காதீர்கள். 2021 கணக்கெடுப்பின்படி நேபாளத்தில் கிறிஸ்தவர்கள் 1.76 சதவீதம். சபைக்கு மட்டும் தகரம் வந்து இறங்கினால், நாளைக்கு அந்தச் சிறு சபை அதே ஊரில், அதே தண்ணீர்க் குழாயில், அதே அண்டை வீட்டாரோடு வாழ வேண்டுமே. பட்டியல் தயாரிக்கும்போது ஊரின் ஓரத்தில் இருக்கும் தலித் வீடுகளையும் புருஷன் வெளிநாட்டில் வேலைக்குப் போன பெண்களையும் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் வருகிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் இவர்கள் விடுபடுவார்கள். பட்டியலை எல்லார் பார்வையிலும் ஒட்டிவையுங்கள்.

வேலை நடக்கும் இடத்தில்

விரிசல் விட்ட வீட்டுக்குள் எதற்காகவும் நுழையாதீர்கள். 2015-க்குப் பிறகு 4 அளவுக்கு மேலான பின்னதிர்வுகள் மட்டும் 400-க்கு மேல் வந்தன. ஏற்கனவே தளர்ந்த சுவர் சின்ன அசைவிலேயே சரியும். ஹெல்மெட், தடித்த பூட்ஸ், தோல் கையுறை, என்-95 முகக்கவசம் நான்கும் இல்லாமல் இடிபாட்டில் கை வைக்க வேண்டாம். மண் சாந்துச் சுவரை இடிக்கும்போது எழும்பும் தூசி இரண்டே நாளில் நெஞ்சைப் பிடிக்கும். இரவில் தகரக் கொட்டகையிலோ கூடாரத்திலோ தூங்குங்கள். டார்ச்சும் செருப்பும் தலைமாட்டில் இருக்கட்டும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், இல்லாவிட்டால் அங்கே கிடைக்கும் "பீயூஷ்" என்ற குளோரின் கரைசலைச் சொன்ன அளவில் விடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலச்சரிவுக் காலம். மழை கொட்டும்போது மலைப்பாதையில் ஜீப் ஏறாதீர்கள், எவ்வளவு அவசர வேலையாக இருந்தாலும்.

இனி இடிபாடு பற்றி. எங்கள் முதல் நாள் வேலை ஒரு விதவைப் பாட்டியின் வீட்டு மேட்டை அகற்றுவது. ஊரில் எல்லாரும் அவரை "ஆமா" என்றார்கள், அம்மா என்று அர்த்தம். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எங்கள் ஊரில் பழைய வீட்டை இடிக்கிற வேகத்தில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கினோம். கல்லும் மண்ணும் மரமும் ஒன்றாகப் பள்ளத்தில் போய்க்கொண்டிருந்தன. ஆமா ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாகப் பள்ளத்தில் இறங்கினார். நான் தூக்கி எறிந்த ஒரு மரத்துண்டை எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்து, மேலே கொண்டுவந்து தனியே வைத்தார். அரை முழம் நீளம் இருக்கும். பழைய நிலைக்கதவின் ஓரம், கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது. பிறகு மறுபடி இறங்கினார். எழுபது வயது.

எங்களோடு வந்த நேபாளச் சபைத் தம்பி அப்போதுதான் வாய் திறந்தான். "தாஜு (அண்ணா), இது குப்பை இல்லை. இந்தக் கல்லில்தான் அவர் திரும்பக் கட்டப் போகிறார். இந்த மரம் அவர் மாமனார் வெட்டியது." அன்று மத்தியானத்திலிருந்து முறையை மாற்றினோம். கோணலில்லாத கல் ஒரு குவியல், சின்னக் கல் ஒரு குவியல், நல்ல மரம், விறகுக்கு ஆகும் மரம், பாத்திரம் என்று பிரித்தோம். எது எந்தக் குவியலுக்கு என்பதை ஆமா சொன்னார். மூன்று நாளில் முடிக்க நினைத்த வேலை எட்டு நாள் பிடித்தது. நசுங்கிப் போயிருந்தாலும் அவருடைய செம்புத் தண்ணீர்க் குடம் கிடைத்தது. அங்கே அதைக் "காக்ரி" என்பார்கள். அதைத் தட்டி நேராக்க அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

ஆகவே முதல் விதி: வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாமல் ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள். சுமையை டோகோக் கூடையில் வைத்து நெற்றிப் பட்டையால் தூக்குவது அவர்கள் வழக்கம். முயன்று பாருங்கள். முடியாவிட்டால் பாண்டு சட்டியில் கைமாற்றிக் கடத்துங்கள், முதுகை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

சுவர் ஏன் விழுந்தது

மலைவீடுகள் பெரும்பாலும் மண் சாந்தில் கட்டிய கல்வீடுகள், இரண்டு அடுக்கு. சுவர் தடியாகத்தான் இருக்கும், ஒன்றரை அடிக்குக் குறையாது. ஆனால் உள்முகம் ஒரு வரிசை, வெளிமுகம் ஒரு வரிசை, நடுவில் பொடிக்கல்லும் மண்ணும். பூமி குலுங்கியதும் இரண்டு முகமும் பிரிந்து, வயிறு தள்ளி, விழுந்தன. மூலைகள் திறந்துகொண்டன. கூரைக்குக் கீழே முக்கோணமாக ஏறும் சுவர்தான் முதலில் ஆள்மேல் சரிந்தது. கல் வலுவாகத்தான் இருந்தது. ஒரு கல்லை இன்னொரு கல்லோடு பிணைக்கத்தான் ஒன்றும் இல்லை.

திரும்பக் கட்டும்போது அதே கல்லையும் அதே மண்ணையும் வைத்தே பாதுகாப்பாகக் கட்டலாம் என்பதுதான் நல்ல செய்தி. சுவரின் ஒரு முகத்திலிருந்து மறு முகம் வரை போகும் நீளக் கற்களை, உயரத்தில் 2 அடிக்கு ஒரு வரிசையும் நீளத்தில் 4 அடிக்கு ஒன்றுமாகப் பதிக்க வேண்டும். அஸ்திவார மட்டம், ஜன்னலடி, லிண்டல், கூரையடி ஆகிய மட்டங்களில் வீட்டைச் சுற்றி மரத்தாலோ கான்கிரீட்டாலோ பெல்ட் ஓட வேண்டும். கதவும் ஜன்னலும் மூலையிலிருந்து 2 அடியாவது தள்ளி வர வேண்டும். மேலே முக்கோணத்துக்குக் கல் வேண்டாம், தகரமோ பலகையோ போதும். கட்டட வேலை தெரிந்த தன்னார்வலர் யாராவது இருந்தால், தானே நின்று ஒரு வீட்டைக் கட்டிக் கொடுப்பதை விட ஊர்க் கொத்தனார் நாலு பேரோடு சேர்ந்து ஒரு மாதிரிச் சுவரைக் கட்டுவது பெரிய வேலை. நாம் போன பிறகு அவர்கள் நாற்பது வீடு கட்டுவார்கள்.

அரசு மானியம் வேறு ஒரு மலை. 2015-க்குப் பிறகு வீடு இழந்த குடும்பத்துக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் மூன்று தவணையாக வந்தது: முதலில் 50,000, பிறகு 1,50,000, கடைசியில் 1,00,000. ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் பார்த்து, விதிப்படி இருந்தால்தான் அடுத்த தவணை. பெல்ட் இல்லாமல் சுவரை ஏற்றிவிட்டவர்கள் இரண்டாம் தவணை கிடைக்காமல் தவித்தார்கள். நில உரிமைப் பத்திரமான "லால்பூர்ஜா" இல்லாத ஏழைகளுக்குப் பட்டியலில் பெயர் ஏறுவதே பாடாயிற்று. இங்கே ஒரு படித்த உள்ளூர் வாலிபரோடு வார்டு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் துணைக்கு நடப்பது கல் சுமப்பதற்குக் குறைந்த உதவி இல்லை. எங்கள் குழுவின் நர்ஸ் அக்கா இரண்டு வாரத்தில் பாதி நேரம் இதைத்தான் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களோடு படிவம் நிரப்பும் வரிசையில் நின்றார்.

கேமராவும் குழந்தைகளும்

2015 மே மாதம் நேபாளிகள் ட்விட்டரில் இந்திய ஊடகங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பிணத்தின் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்களிடம் மைக்கை நீட்டியதுதான் காரணம். நாமும் இந்தியர்களாகத்தான் அங்கே இறங்குகிறோம். அதனால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்குகிறவரை நிற்க வைத்து, பேனர் பிடித்து எடுக்கும் படம் வேண்டவே வேண்டாம். சபைக்குக் கணக்குக் காட்ட வேண்டுமா? கட்டிய சுவரைப் படம் எடுங்கள். வாங்கிய தகரத்தின் ரசீதைப் படம் எடுங்கள்.

துக்கத்தில் இருப்பவரோடு பேசுவதற்கு ஒரு முறை உண்டு. பக்கத்தில் உட்காருங்கள். பசிக்கிறதா, குளிருகிறதா என்று கேளுங்கள். "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கிளறாதீர்கள். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். ஆஸ்பத்திரி, உறவினர், வார்டு அலுவலகம் என்று அவருக்குத் தேவையான இடத்தோடு சேர்த்துவிடுங்கள். "இது தேவனுடைய சித்தம்", "இதைவிட மோசமாக நடந்திருக்கலாம்" என்ற இரண்டு வாக்கியமும் நம் நாவில் வரக்கூடாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருங்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆள் கடத்துகிறவர்கள் "படிக்க வைக்கிறோம்" என்று சொல்லித்தான் மலைக்கு வருவார்கள். அதனால் 2015-ல் நேபாள அரசு, பெற்றோரோ பொறுப்பாளரோ இல்லாமல் பிள்ளைகள் மாவட்டத்தை விட்டு வெளியே போவதையே தடுத்தது. வெளிநாட்டுத் தத்தெடுப்பையும் நிறுத்தியது. "எங்கள் ஊரில் நல்ல விடுதி இருக்கிறது, அழைத்துப் போகட்டுமா?" என்று நல்லெண்ணத்தோடுகூடக் கேட்காதீர்கள். தாயில்லாத பிள்ளைக்கும் பெரும்பாலும் ஒரு சித்தியோ பாட்டியோ அந்த மலையிலேயே இருப்பார். அந்தப் பாட்டியின் வீட்டுக்குக் கூரை போடுவதுதான் அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடியது.

கிளம்பும்போது

கிளம்புவதற்கு முந்தைய நாள் கணக்கை ஊர் நடுவில் வாசித்துக் காட்டுங்கள். எவ்வளவு வந்தது, என்ன வாங்கினோம், யார் யாருக்குப் போனது, மிச்சம் யார் கையில் இருக்கிறது. நேபாளியில் ஒருவர் வாசிக்கட்டும். கருவிகளைத் திரும்பத் தூக்கி வராதீர்கள். கடப்பாரை, கரண்டி, மட்டப்பலகை எல்லாம் கொத்தனார்களுக்கு. வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் தூக்கம் கெடலாம், கோயில் மணிக்கும் லாரிச் சத்தத்துக்கும் உடம்பு திடுக்கிடலாம். குழுவாகப் போனவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுங்கள். நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

வாக்குறுதி கொடுக்கும் ஆசை கடைசி நாளில்தான் வரும். எங்கள் ஜீப் கிளம்பும் முன் ஆமா என் கையைப் பிடித்து எப்போது வருவாய் என்று கேட்டார். தசைன் பண்டிகைக்கு வருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. மொழிபெயர்த்த தம்பி என் முகத்தைப் பார்த்தான். "தெரியாது ஆமா, ஆனால் போன் செய்வேன்" என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு, துணியில் கட்டி வைத்திருந்த வறுத்த மக்காச்சோளத்தைக் கொடுத்தார்.

நிலநடுக்கம் வந்த நாள் நேபாள நாட்காட்டியில் வைசாக் 12. உங்கள் காலண்டரில் ஏப்ரல் 25-ஐ வட்டமிட்டு வையுங்கள். அன்று அந்தச் சபைக்குப் போன் போட்டு ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி விசாரியுங்கள். அடுத்த பயணத்துக்கு என்ன வேலை என்பதை அவர்களே சொல்வார்கள்.